ஜல்லிமேட்டின் இருமல்

1993ஆம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து ஜல்லிமேட்டில் யாரும் இருமுவதில்லை. அந்த ஊர் இருமல் மொத்தமும் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது மாடியில், ஏசி அறையில் இருக்கிறது. ஜல்லிமேடு என்பது வேங்கிக்காலுக்குப் பின்பக்கம், கல் உடைக்கிறவர்கள் குடியிருக்கும் இடம். கிரஷர் ஓடும்போது அங்கிருந்து மலை தெரியாது. நின்ற பிறகு தெரியும், அதுவும் வெள்ளையாகத் தெரியும். அங்கே ஆண்கள் நாற்பதுக்குள் செத்துப்போவது வழக்கம். சைக்கிளில் போகிற தூரத்தில், ரமணாசிரமம் பக்கம், எழுபது வயது ஜெர்மன்காரர்கள் செருப்பில்லாமல் மலையைச் சுற்றிவிட்டு வந்து பப்பாளி சாப்பிட்டார்கள். இந்த இரண்டு வயதுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதைப் பேராசிரியர் ராஜமாணிக்கம் கண்டுபிடித்தார். ஜல்லிமேட்டுக்காரர்களுக்கு அது முன்பே தெரியும் என்றாலும் அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை.

பேராசிரியர் நல்ல மனிதர். இடைவெளியைக் குறைக்கப் பல்கலைக்கழகமும் ஜல்லிமேடும் கூட்டாளிகளாக வேண்டும் என்றார். அதைத் துணியில் எழுதி இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவில் கட்டினார்கள். மாணவர்கள் வேனில் வந்து இறங்கி, வீட்டுக்கு ஒருவராக டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்தார்கள். நெஞ்சுக்குள் எவ்வளவு கல்தூசி இருக்கிறது என்பதை இருமல் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. கொஞ்சம் இருமிக் காட்டினால் போதும் என்றுதான் கேட்டார்கள். ஆனால் வீடு தேடி வந்து கேட்டவருக்கு எதையும் பாதி கொடுக்கிற பழக்கம் ஜல்லிமேட்டில் இல்லை. குழம்பு கேட்டால் சட்டியோடு கொடுப்பார்கள். வேடியப்பன் வீட்டுக்கு வந்த மாணவி சிந்துஜா, போதும் அண்ணா என்று பலமுறை சொல்லியும் அவர் நிறுத்தவில்லை. "இவ்ளோ தூரம் வந்துக்கிறீங்க, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கம்மா" என்று அடியிலிருந்ததையும் வழித்துக் கொடுத்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். மற்ற வீடுகளிலும் இதுதான் நடந்தது.

மறுநாள் பிள்ளைகள் நேரம் கழித்து எழுந்தார்கள். எழுப்புவதற்கு இருமல் இல்லை. ரேணுகாம்பாள் அம்மனின் கருணை என்று ஊர் கூடிக் கூழ் ஊற்றியது. பேராசிரியரும், கூட்டு முயற்சி தொடங்கிய ஆறு வாரத்தில் ஜல்லிமேட்டில் இருமல் அறவே ஒழிந்தது என்று கட்டுரை எழுதி, ஒரு கேடயம் வாங்கினார். வேடியப்பனின் இருமல் டெல்லி வரைக்கும் போனது. அங்கே அதைப் போட்டுக்காட்டியபோது கைதட்டினார்களாம். செய்தி வந்ததும் அவர், அந்த ஊரில் குளிர் ஜாஸ்தியா என்று மட்டும் விசாரித்தார்.

இருமல்தான் போனது, தூசி போகவில்லை. வெளியே வர வழியில்லாத தூசி வேர்வையில் வந்தது. காலையில் வேடியப்பனின் பாயை அவர் மனைவி பாஞ்சாலை உதறினால் ஒரு கைப்பிடி வெள்ளைத்தூள் விழும். முதலில் அவரால் சம்மட்டியைத் தூக்க முடியவில்லை, பிறகு குடத்தை, பிறகு டம்ளரை. டவுனில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். "இருமலே இல்லாம இன்னா நெஞ்சு நோவு? வயசாவுதுல்ல" என்று டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். வேடியப்பனுக்கு அப்போது முப்பத்தெட்டு. ஜல்லிமேட்டிலிருந்து போன எல்லாருக்கும் அதே டானிக் கிடைத்தது. சத்தமில்லாமல் போனார்கள், சத்தமில்லாமல் வந்தார்கள், சத்தமில்லாமல் செத்தார்கள்.

1997 கோடையில் பாஞ்சாலை பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போய், புருஷனின் இருமலைத் திருப்பிக் கேட்டாள். அது இருந்தால்தான் டாக்டர் அவரைச் சேர்த்துக்கொள்வார் என்றாள். பேராசிரியர் அவளை உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, வருத்தத்தோடுதான் பேசினார். "யாரோட இருமல் எதுன்னு எங்களுக்கே தெரியாதும்மா. உங்க பாதுகாப்புக்காகத்தான் பேரையெல்லாம் எடுத்துட்டோம்."

"பேரை எடுத்துட்டா புருசன் மாறிடுவானாங்க? போடுங்க, நான் சொல்றேன்."

ஒவ்வொரு கேசட்டாகப் போட்டார்கள். செத்துப்போனவர்களின் இருமல் வந்தபோதெல்லாம் பாஞ்சாலை எழுந்து நின்று கேட்டாள். அவள் புருஷனுடையது வந்தபோது மட்டும் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் உரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதையும் அடுத்த கமிட்டி கூடித்தான் முடிவு செய்யும் என்பது விதி. படிப்பை முடித்துவிட்டு அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சிந்துஜா, கேசட்டையும் ரெக்கார்டரையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, பாஞ்சாலையோடு பஸ் ஏறிவிட்டாள். இதனால் அவளுக்கு ஆராய்ச்சிப் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அறைக்குப் பெரிய பூட்டும் வந்தது.

வழி முழுக்கப் பைக்குள்ளிருந்து வேடியப்பன் இருமிக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்துகொண்டதால் இருவருக்கும் தாராளமாக இடம் கிடைத்தது. கீழ்பென்னாத்தூர் தாண்டும்போதுகூட இருமல் கணீரென்றுதான் இருந்தது. அதனால் பாஞ்சாலை நிம்மதியாக இருந்தாள். ஆனால் வேடியப்பன் அன்று மத்தியானமே இறந்துவிட்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம் துணைக்கு உட்கார்ந்து, மூன்று மணிவரை அவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இருமல் இருந்திருந்தால் அது நின்றதாவது தெரிந்திருக்கும். சிந்துஜா ரெக்கார்டரை அவர் நெஞ்சின் மேல் வைத்துப் போட்டாள். இருமல் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் கண்ணாயிரம் வந்து, கூச்சப்பட்டுக்கொண்டே, அந்த இருமலை ஒரு பகல் இரவல் தர முடியுமா என்று கேட்டார். அவருக்கும் பாயில் தூள் விழுந்துகொண்டிருந்தது. பாஞ்சாலை, சிந்துஜா விட்டுப்போன ரெக்கார்டரை அவர் நெஞ்சருகே வைத்துப் போட்டாள். வேடியப்பனின் இருமலோடு போன கண்ணாயிரத்தை டாக்டர் பதறிப்போய் எக்ஸ்ரே எடுத்து, உடனே வைத்தியம் ஆரம்பித்தார். அன்றிலிருந்து ஜல்லிமேட்டில் யார் டாக்டரிடம் போனாலும் அந்த இருமலை வாங்கிக்கொண்டு போனார்கள். வந்ததும் கேசட்டிலேயே இருமித் திருப்பிவிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் பாஞ்சாலை வைத்த நிபந்தனை. ஒரே இருமல் இத்தனை நெஞ்சுகளில் எப்படி என்று டாக்டர் கேட்கவில்லை. ஆண்கள் ஐம்பதைத் தொட ஆரம்பித்தார்கள்.

இடைவெளி குறைந்த செய்தி பல்கலைக்கழகத்துக்கும் எட்டி, 2004இல் பேராசிரியர் ராஜமாணிக்கம், தலை நரைத்து, புதிய மாணவர்களோடும் கையடக்க ரெக்கார்டர்களோடும் வந்தார். யாரிடமும் கொடுக்க இருமல் இல்லை. பாஞ்சாலையிடம் ஒன்று இருக்கிறது என்று ஊரே கை காட்டியது.

"அது ராணியம்மா வூட்டுக்காரரு கூட டாக்டராண்ட போயிருக்குதுங்க" என்றாள் பாஞ்சாலை. "சாயங்காலம் வந்துரும். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் பஸ் தாமதம். விளக்கு வைத்த பிறகுதான் ராணியம்மாளின் கணவர் இருமிக்கொண்டே தெருவில் வந்து, வாசலில் நின்றபடி கேசட்டில் இருமிவிட்டு, வெறும் மூச்சோடு வீட்டுக்குப் போனார். பாஞ்சாலை ரெக்கார்டரை உள்ளே கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினாள். வேடியப்பன் இருமுவது வெளியே கேட்டது. மாணவர்கள் பேராசிரியரைப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இன்னாயா இவ்ளோ நேரம்?" என்றாள் உள்ளே பாஞ்சாலை. "கஞ்சி ஆறிப்போச்சு பாரு."