மந்தை ஒப்பாரி

பட்டிப் படலைத் தூக்கப் போன ரஞ்சனியின் கையைச் சித்தப்பா பூபதி எட்டிப் பிடித்தார்.

"உடு சாமி. உங்கப்பனை எடுக்கற வரைக்கும் தொறக்கக் கூடாதாமா."

"ஆரு சொன்னா?"

"அந்த சார்தான். புஸ்தகத்துலயே போட்டிருக்குதாமா. உங்கப்பனே சொல்லி எழுதுனதாமா. நாமதான் மறந்துபோட்டோம்."

படலுக்கு உள்ளே அறுபது செம்மறிகள் கத்திக்கொண்டிருந்தன. நேற்றுச் சாயங்காலம் அவற்றை அடைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்த அப்பா சென்னிமலை பிறகு எழுந்திருக்கவில்லை. அண்ணன் கதிர் ராய்ப்பூர் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டியில் வேலைக்கு இருந்தான். அவன் வந்து சேர நாளைக் காலை ஆகும். இந்தச் சித்திரை வெயிலில் அதுவரை தண்ணீர் இல்லாமல் போட்டால் சினை ஆடுகள் ஐந்தும் செத்துவிடும். நாற்பது வருஷம் ஆடு மேய்த்த சித்தப்பாவுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அச்சில் வந்துவிட்டதே!

'அந்த சார்' அருணகிரி, வேப்பமரத்தடியில் கேமராவுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்லியில் மானிடவியல் பேராசிரியர். மேய்ச்சல் சமூகங்களைப் பற்றி எழுதியே பெரிய ஆள் ஆனவர். ஆறு வருஷத்துக்கு முன் மேச்சேரிக்கு வந்து இரண்டு மாதம் இந்த வாசலில் உட்கார்ந்திருந்தார். புழுக்கையை மிதித்துவிட்டால் செருப்பைக் கழுவக் குடம் தண்ணீர் கேட்பார். மேடையில் மட்டும் 'என் மேய்ப்பர்கள்' என்பார். உதவித் திட்டக் கூட்டம் ஒன்றுக்காகச் சேலத்து ஓட்டலில் தங்கியிருந்தவர், சேதி கேட்டுக் காலையிலேயே வந்துவிட்டார்.

அந்த இரண்டு மாதமும் அவர் கேட்கக் கேட்க எழுதியவள் ரஞ்சனிதான். மேய்ப்பவர் இறந்தால் மந்தைக்கு என்ன சடங்கு என்று மூன்று நாளாக அப்பாவைக் குடைந்தார். ஒன்றுமில்லை என்றால் விட வேண்டாமா? மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"அதுங்களும் பட்டினி கெடக்குமுங்க. பொணத்தை எடுக்கற முட்டும் படலைத் தொறக்க மாட்டோம். பசியில கத்துமுல்லொ, அதுதானுங்க ஒப்பாரி."

பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

"ஏப்பா, இப்படியொரு வழக்கம் இருக்குதா?" என்று ரஞ்சனி கேட்டாள்.

"ஆட்டுக்குத் தண்ணி காட்டற நேரம் அம்மிணி. எந்திரிச்சுப் போவட்டும்னு சொன்னேன்."

அப்பாவும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்து, அதையும் அவள் தட்டச்சு செய்து அனுப்பினாள். அதுதான் அவர் புத்தகத்தில் 'மந்தை ஒப்பாரி' என்ற அத்தியாயம் ஆயிற்று. அந்த அத்தியாயத்தைக் காட்டி ஒரு அறக்கட்டளை வெளிநாட்டு உதவி வாங்கியது. உதவி, சிமெண்டுத் தரை போட்ட கொட்டகையாக வந்து சேர்ந்தது. முதல் நாளே இரண்டு ஆடுகள் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டன. அப்பா அதில் நிலக்கடலை காயப்போட்டார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

ரஞ்சனி மரத்தடிக்குப் போனாள்.

"சார், ஆட்டைத் தொறந்து உடோணுங்க."

"தொறக்கறதா? ரஞ்சனி, இதை நேர்ல பதிவு பண்ணப் போற முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?"

"அது பொய்ங்க சார். உங்களை எந்திரிச்சுப் போகச் சொல்லத் தெரியாம எங்கப்பா சொன்னது. நானும் தெரிஞ்சேதான் எழுதினேன்."

அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. அவ்வளவுதான். உடனே கனிந்துவிட்டது.

"வெளியாள்கிட்ட மரபை மறைக்கிறதும் ஒரு மரபுதாம்மா," என்றார். சொன்னது அவருக்கே பிடித்துப்போய்க் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அறக்கட்டளையில உன் வேலை விஷயமா என் சிபாரிசுக் கடிதம் இன்னும் போகலை. யோசிச்சுப் பண்ணு," என்றார்.

ஜவ்வரிசி ஆலையில் ஈர மாவுக்கு நடுவே எட்டு மணி நேரம் நின்று அவளுடைய விரலிடுக்கெல்லாம் புண். அடுத்த மாதம் முதல் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று அவள் கனவு கண்டிருந்தது உண்மை. அந்த நாற்காலிக்காகத்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, பேராசிரியரைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிகம் அருவருப்பு வந்தது.

பந்தலில் அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியின் அருகில் அம்மா சுப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒப்பாரிக்கு வந்த பெண்கள் சற்று ஓய்ந்திருந்த நேரம், தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள்.

"ஆட்டுக்குத் தண்ணி காட்டுனயா?"

ரஞ்சனி திரும்பி நடந்தாள். "புஸ்தகத்துல..." என்று சித்தப்பா குறுக்கே வந்தார்.

"அந்தப் புஸ்தகத்தை எழுதுனதே நாந்தான் சித்தப்பா. நகருங்க."

படலைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தாள். மந்தை முட்டி மோதிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கேமராவின் முக்காலி சரிந்தது. "ஐயோ, பார்த்து" என்று பேராசிரியர் கத்தினார். ஆடுகள் நேராகத் தொட்டிக்குப் போய் முகத்தை உள்ளே விட்டன. ஊரே அடங்கினாற்போல் சத்தம் நின்றது.

தொட்டியில் இடம் கிடைக்காத சினை ஆடு ஒன்று மட்டும் திரும்பிப் பந்தலுக்குள் வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அது குளிர்பெட்டியின் அருகே போய்த் தலையைத் தாழ்த்தி நின்றது.

"எடு, எடு" என்று பேராசிரியர், சரிந்த கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்த தன் ஆளிடம் கிசுகிசுத்தார்.

பெட்டியின் அடியிலிருந்து ஒழுகித் தரையில் தேங்கியிருந்த தண்ணீரை ஆடு நக்கிக்கொண்டிருந்தது. அம்மா தன் காலை மடக்கி அதற்கு இடம் விட்டாள்.