நாற்பது கிலோ காய்ந்த விறகு

மூன்றாவது முறையாக விறகு உலையின் குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டினான், சங்கத்து என்ஜினை ஓட்டும் வைரக்கண்ணு. நெருப்பு ஒரு நொடி பற்றியது, துடித்தது, அணைந்தது. வெறும் வெள்ளைப் புகை. விறகு காய்ந்திருந்தால் அந்தப் புகையே கேஸாக நின்று எரியும். பிறகு அதை என்ஜினுக்குத் திருப்பிவிடலாம். ஈர விறகு கண்ணைக் கரிக்குமே தவிர என்ஜினை ஓட்டாது.

நாலு நாளாக மழை. அரும்பாவூரிலிருந்து வரும் வழியில் ஆறு மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கூரைமேல் இருந்த இருபது சோலார் தகடுகளும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தன. "வெயில் இருந்தா வெயிலு, இல்லாட்டி வெறகு. இனிமே நமக்குக் கரண்டுக் கவலையே கெடையாது" என்று போன வருஷத் திறப்பு விழாவில் கைதட்டல் வாங்கிய ஊர்ச் சங்கத் தலைவர் இராமலிங்கம், விறகுக்கு ஒரு கொட்டகை போடும் வேலையை மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிவைத்தார். இரண்டு டன் சீமைக்கருவேலம் வெட்டவெளியில் ஊறிக்கொண்டிருந்தது.

இந்த என்ஜின் தரும் கரண்டுக்கு வேலை இரண்டு. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு தனியார் கம்பெனியின் பால் குளிரூட்டும் நிலையம்; காலனிக்குத் தண்ணீர் ஏற்றும் போர் மோட்டார். இரண்டையும் சேர்த்து இழுக்க அதற்குத் தெம்பில்லை. சுவரில் ஒரு கைப்பிடி: மேலே தூக்கினால் பாலுக்கு, கீழே இறக்கினால் தண்ணீருக்கு.

காலனியின் மேல்நிலைத் தொட்டி காய்ந்து நாலு நாளாகிவிட்டது. அடிபம்பு ஏரித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. அந்தச் செம்மண் கலங்கலைக் குடித்துப் பதினோரு பிள்ளைகளுக்குப் பேதி. அதில் ஒன்று அவன் மகள் கவியா. காலையில் வந்த நர்ஸம்மா, "ஏரித் தண்ணி ஆவாது. போர் தண்ணியப் புடிச்சு, அதையும் காய்ச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேஸ் பிடிக்காத எரிச்சலில் அவன் நேராகக் காலனிக்கு நடந்தான். வீட்டுக்கு வீடு பரண்மேல் அடுப்புக்கென்று காய்ந்த விறகு இருக்கும். முதலில் பூமாலையிடம் கேட்டான்.

"தொட்டி ரொம்பறதுக்கு ஒரு மணி நேரம் ஓடினாப் போதும் அத்தே."

"அடுப்புக்கு என்னா பண்றது?"

"தண்ணி வரட்டும். அடுப்ப அப்பறம் பாத்துக்கலாம். நான் சொல்றேன்ல?"

பூமாலை பரணில் ஏறித் தன் கட்டைத் தள்ளிவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். பதினாலு வீட்டு விறகு, எடை போட்டால் நாற்பது கிலோ தேறும். பெண்கள் என்ஜின் அறைத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து அரிவாளால் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கினார்கள். வைரக்கண்ணு உலையில் கொட்டி, மூடியை இறுக்கி, தீக்குச்சியைக் காட்டினான். இந்த முறை நெருப்பு நின்றது. என்ஜின் இருமி, பிறகு சீராக ஓடியது. கைப்பிடியைக் கீழே இறக்கினான். தொட்டிக் குழாய் களகளவென்றது. பெண்கள் குடங்களோடு ஓடினார்கள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. என்ஜின் சத்தம் கேட்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மொபெட்டில் வந்து இறங்கினார் இராமலிங்கம்.

"என்னாடா பண்ற? காலைல ஊத்துன ஆயிரத்து இருநூறு லிட்டர் பாலு உள்ள சூடாக் கெடக்கு!"

"இது சங்கத்து வெறகு இல்லீங்க. தண்ணிக்குன்னு சொல்லி வூட்டு வூட்டுக்கு வாங்கியாந்தது."

"வெறகு யாருதா இருந்தா என்னா? மெஷினுக்குப் பாதிப் பணம் கம்பெனிக்காரன் போட்டது. மொதல்ல பாலுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கு. பாலு திரிஞ்சா அவன் எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போயிடுவான். அப்பறம் ஒங்களுக்குத் தண்ணியும் கெடையாது."

சத்தம் கேட்டுப் பூமாலை திரும்பி வந்தாள். "புள்ளைங்க பேதியில கெடக்குதுங்க."

"எனக்குத் தெரியாதா? ஒன் மாட்டுப் பாலும் அதுலதான இருக்கு?"

"மூணு லிட்டருங்க. கொட்டிப்புடுங்க."

இராமலிங்கம் அவளைப் பார்க்கவில்லை. "ரெண்டு மணி நேரம். பாலு குளுந்ததும் ஏத்திக்க, யாரு வேணாங்கறா? வைரக்கண்ணு, நீ மாத்துறியா, இல்ல சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போறியா?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சாவியைக் கொடுத்தாலும் இன்னொருவன் கைப்பிடியைத் தூக்கத்தான் போகிறான். அவன் தூக்கினான். அந்தக் கையை அரிவாளால் வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

"ஊரார் வூட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னானாம்" என்று பூமாலை எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள். இராமலிங்கம் மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

தொட்டியில் ஏறியிருந்தது நாலு விரல் தண்ணீர். தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் அதற்கு மேலே இருந்தது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். வைரக்கண்ணு அடிக்கடி உலையைத் தட்டிப் பார்த்தான்; தட்டத் தட்ட ஓசை காலியாகிக்கொண்டே வந்தது. சிதறிக் கிடந்த சிராய்களையும் பொறுக்கிப் போட்டான். இரண்டு மணி நேரம் முடிவதற்குள் என்ஜின் திணறி நின்றது. பால் நிலையத்து ஆள் எட்டிப் பார்த்து, "நாலு டிகிரி வந்துடுச்சு, போதும்ப்பா" என்று சந்தோஷமாகச் சொன்னான்.

சாயங்காலம் டேங்கர் லாரி வந்து, பால் நிலையத்து வாசலில் பின்பக்கமாக நின்றது.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பூமாலைதான் கேட்டாள்: "உள்ள கரி கொஞ்சம் கெடக்குமா? ஏரித் தண்ணியையாவது காய்ச்சலாம்."

அவன் உலையின் அடிக்கதவைத் திறந்து, கனிந்த கரியைக் கிளறி வெளியே தள்ளி, வாசல் குட்டையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினான். ஆவி அடங்கியதும் பெண்கள் வந்து ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். அவன் மனைவி மலர்கொடி கடைசியில் நின்றாள். பூமாலை தன் குடத்தை நீட்டினாள். குடத்தின் வாய் குறுகல். கரியை ஒவ்வொரு துண்டாகத்தான் போட வேண்டியிருந்தது.