பெயர்நாள் வாழ்த்து

அசிமினா ஏமாந்தது பேராசையால் இல்லை, ஒரு வாழ்த்தால்.

ஜூலை பதினேழாம் தேதி காலை. அவளுடைய வாடகை அறைகளுக்கு வரும் விருந்தாளிகள் முன்பணம் போடும் பணச் செயலியிலிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல்: "பெயர்நாள் வாழ்த்துகள், அசிமினா! உங்கள் கணக்கு முடக்கப்பட உள்ளது. உடனே உறுதிசெய்யுங்கள்." கிரேக்கர்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெரிது, தங்கள் பெயருக்குரிய புனிதரின் திருநாளான பெயர்நாள். விடிந்ததிலிருந்து வேறு யாரும் வாழ்த்தவில்லை. மனம் குளிர்ந்துபோய் அழுத்தச் சொன்ன இடத்தில் அழுத்தினாள், கடவுச்சொல்லையும் கொடுத்தாள். மதியத்துக்குள் கணக்கை வழித்துத் துடைத்துவிட்டார்கள். மாதக் கடைசியில் வங்கித் தவணை கட்டாவிட்டால் வீடே கைவிட்டுப் போகும்.

தீவின் காவல் நிலையத்தில், ஏதென்ஸிலிருந்து மாற்றலாகி வந்திருந்த காவலர் கலியோப்பி அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, அனுப்பினவன் முகவரியைப் பாருங்க. கம்பெனி பேரே இல்ல, என்னென்னமோ இருக்கு. முடக்கிடுவோம்னு அவசரப்படுத்துறான், கடவுச்சொல் கேக்குறான். நிஜக் கம்பெனி கேக்குமா?"

"வாழ்த்து சொன்னாங்களேம்மா..."

"அதான் எனக்கும் இடிக்குது. வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பிறந்தநாள் தெரியும். பெயர்நாள் எப்படித் தெரியும்?" சுவர் நாட்காட்டியைப் புரட்டினாள். "உங்க பேர்ல தனியா புனிதர் இல்லாததால உங்களுக்கு சகல புனிதர் ஞாயிறுதானே? அது போன மாசமே முடிஞ்சிருச்சு. இன்னைக்குப் புனித மரினா நாள்."

அசிமினா எழுந்துபோய் நாட்காட்டியில் அந்தத் தேதியை விரலால் தொட்டாள்.

கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா அவளைப் புனித மரினாவுக்கு நேர்ந்துகொண்டாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் மட்டும் இதுதான் அவள் பெயர்நாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தெரிந்தவன் என்று மிச்சம் இருப்பது தம்பி பந்தெலிஸ் மட்டும்தான். கோயில் மணி அடிக்கும் முன்பே தொலைபேசியில் அழைத்து, "நூறு வயசு இரு, கிழவி!" என்பான். வேலை போன பிறகும் ஒரு வருஷம் தவறியதில்லை. இன்று அழைக்கவில்லை.

"யார் மேலயாவது சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லுங்கக்கா. பேர் கெடைச்சா அவன் கணக்கை நிறுத்திப் பணத்தைப் பிடிச்சிடலாம். சாயங்காலம் ஆச்சுன்னா போச்சு. இந்த நாள் யாருக்கெல்லாம் தெரியும்?"

சொன்னால் தம்பி சிறைக்கு, சொல்லாவிட்டால் அவள் தெருவுக்கு. இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தாள். படுபாவி, அந்த ஒரு வாழ்த்தையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா!

கலியோப்பி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஊருக்கே தெரியும்மா" என்றாள் அசிமினா.