எதிர்க்கடைச் சவரம்

"அந்த வந்தேறி கத்தி வெச்ச கழுத்துடி இது. யாரைக் கேட்டு அவனை வீட்டுக்குள்ள விட்ட?" என்று தம்பி பெண்டாட்டியிடம் அக்கா போட்ட சத்தத்தில், மாலையோடு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கேட்பதற்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை.

தம்பி சலூனைப் பூட்டிவிட்டு அப்போதுதான் ஓடி வந்திருந்தான். சட்டைத் தோளில் யார் முடியோ ஒட்டியிருந்தது. மத்தியானத் தூக்கத்திலேயே அப்பா போய்விட்டார் என்று மட்டும்தான் போனில் சொன்னார்கள். காலையில் அவன் கிளம்பும்போது அப்பா முகத்தில் காடாக மண்டிக் கிடந்த தாடி இப்போது இல்லை. கன்னம் மழமழவென்று இருந்தது.

வாதம் வந்து வலதுகை விழுந்த நாளிலிருந்து வளர்ந்த தாடி. மகன் சோப்பும் கிண்ணமுமாக எத்தனையோ முறை போய் நின்றான். "உன் கைக்கு இன்னும் பதம் வரல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். தொழிலுக்கு அவர் வைத்திருந்த பரீட்சை ஒன்றுதான். நாற்காலியில் உட்கார்ந்தவன் கத்தியை நம்பித் தூங்க வேண்டும். மகனுடைய நாற்காலியில் இதுவரை யாரும் தூங்கியதில்லை. கொட்டாவி விட்டவர்கள் உண்டு. அது அவன் பேச்சைக் கேட்டு.

அக்கா வந்தேறி என்று சொன்ன எதிர்க்கடைக்காரன் வந்த கதை தெருவுக்கே தெரியும். அவன் ஊரில் ஆலை மூடியது. ஆட்கள் பிழைப்பு தேடி வண்டி ஏறினார்கள். தலைகளே இல்லாத ஊரில் முடிவெட்டுபவனுக்கு என்ன வேலை? பெண்டாட்டி பிள்ளையோடு தலைகள் போன திசையிலேயே அவனும் வந்து சேர்ந்தான். வந்தவன் பாதி விலைக்கு வெட்டினான். முடிதிருத்துவோர் சங்கம் விடுமுறை விட்ட கிழமையிலும் கடை திறந்தான். சங்கத் தலைவரான அப்பா கொதித்துப் போய், 'உள்ளூர்க் கன்னம் உள்ளூர்க் கத்திக்கே' என்று பலகை எழுதி மாட்டினார். எல்லோரும் அதைப் படித்துத் தலையாட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் வரிசையில் நின்றார்கள்.

அப்படிப்பட்டவரின் முகத்தில்தான் அவன் கத்தி பட்டிருக்கிறது.

"மாமாதான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க அண்ணி" என்றாள் மருமகள். "எல்லாரும் அங்க ஓடுறானுங்களே, அப்படி என்னத்ததான் செய்யறான்னு பார்த்துட்டுப் போறேன்னாங்க."

அக்கா நம்பவில்லை. படுத்த படுக்கையாக இருந்த அப்பாவை எட்டிப் பார்க்காத மகளுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. நல்லா இருந்த மனுஷன் சவரம் பண்ணியதும் எப்படிச் செத்தார் என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள். வாசல் அதைத் தெருவுக்கு அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் சங்கச் செயலாளர், பின்னால் ஒரு கும்பலோடு, உள்ளே வந்தார். அவர் மீசையின் ஓரம் ஒதுக்கியிருந்த விதத்திலேயே அது எந்தக் கடை வேலை என்று தம்பிக்குத் தெரிந்தது.

"தம்பி, நீ தொழில் தெரிஞ்சவன். கழுத்தைப் பார்த்துச் சொல்லு. அவன் ஏதாவது பண்ணியிருக்கானா?"

தம்பி குனிந்தான். தாடைக்கடியில் முடி சுழித்து வளரும் இடம், அங்கேதான் எந்தக் கத்தியும் தடுமாறும். ஒரு கீறல் இல்லை. தொண்டைக்குழி மச்சத்தைச் சுற்றிக்கூட எதிர்க்கடைக்காரன் பூப்போல ஒதுக்கியிருந்தான். இத்தனை வருஷத்தில் அப்பா முகத்தை இவ்வளவு கிட்டத்தில் தம்பி பார்த்ததே இல்லை.

நிமிராமலே பெண்டாட்டியிடம் கேட்டான். "வழிச்சு முடிச்சதும் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"நல்லாருக்குன்னோ, இல்லேன்னோ?"

அவள் முந்தானையைச் சுருட்டினாள். "பாதியிலயே தூங்கிட்டாங்க. அவன் சத்தமில்லாம முடிச்சுட்டு, எழுப்பாதீங்கன்னு சொல்லிட்டுப் போனான்."

செயலாளர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லச் சின்ன வார்த்தை போதும். தம்பி போர்வையை இழுத்து அப்பாவின் கழுத்து வரை மூடினான். எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவத் தொடங்கினான்.

கும்பலுக்கு அது போதுமானதாக இருந்தது. எதிர்க்கடைக் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டபோதும் அவன் கை கழுவிக்கொண்டுதான் இருந்தான். மருமகள் குழாயை வந்து மூடினாள். அவனைப் பார்க்கவில்லை.

எதிர்க்கடைக்காரன் பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு கிளம்பிவிட்டான். எங்கே என்று யாருக்கும் தெரியாது. தலைகள் இருக்கிற ஊராகத்தான் இருக்கும். அக்கா காரியம் முடிந்ததும் போனவள், பிறகு வரவில்லை. செயலாளர் தன் மகளை வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார். அங்கே உள்ளூர்க்காரர்கள் மாப்பிள்ளையை ஒருமாதிரி முறைக்கிறார்களாம். என்ன ஜனங்களோ என்று பார்ப்பவரிடமெல்லாம் வருத்தப்படுகிறார்.

தம்பி அதே சலூனில்தான் இருக்கிறான். போட்டி இல்லை, விலையும் ஏறிவிட்டது. கைக்குப் பதம் வந்துவிட்டது என்றுகூடச் சொல்கிறார்கள். நாற்காலியைச் சாய்த்து, நுரை தடவி, "கண்ணை மூடிக்கங்க" என்பான். வந்தவர்கள் யாரும் மூடுவதில்லை. கத்தி போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டே கிடக்கிறார்கள்.