தெகொலோத்தே என்று எழுதியிருந்த சுவர்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ரெமெதியோஸ் அடுப்பில் தக்காளி சுட்டுக்கொண்டிருந்தபோது நிக்கனோர் வந்து கதவைத் தட்டினான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வரச் சொல்லும் வரை வாசலிலேயே நின்றான். கழுத்தில் பச்சை குத்தியிருந்ததை அழித்த தழும்பு வெளுத்துத் தெரிந்தது. இளம் வயதில் மார்லோ தெருக் கும்பலோடு சுற்றிச் சிறைக்குப் போனவன். இப்போது நகராட்சிச் சம்பளத்தில், அதே தெருப் பையன்களிடம் பேசிச் சண்டையைத் தடுப்பதுதான் அவன் வேலை. நகராட்சியும் போலீசும் தேவாலயமும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். பகுதியில் எல்லோரும் அதைக் 'கூட்டு' என்பார்கள். கும்பல் சண்டையைக் குறைப்பது, சுவர்க் கிறுக்கல்களை உடனுக்குடன் அழிப்பது, இரண்டும் கூட்டின் பொறுப்பு.

"சாப்பிடறியா?"

"வேண்டாம் தோன்யா. ஒண்ணு கேக்க வந்தேன்." அம்மா என்பதுபோல மரியாதைக்குத்தான் அந்தத் 'தோன்யா'.

"உக்காந்து கேளேன்."

"உலிசெஸோட சுவரப் பத்தி."

அவள் அடுப்பை அணைத்தாள்.

உலிசெஸ் அவளுடைய ஒரே மகன். நவம்பரில், மார்லோ தெரு முனையில், சலவைக் கடை வாசலில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். அவன் கூட்டாளிகள் அந்தக் கடையின் பக்கச் சுவரில் அவன் முகத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். போய்ப் பார்த்ததில்லை. அந்த முனையைத் தாண்ட வேண்டாமென்று முந்தைய நிறுத்தம் வரை நடந்துபோய்த்தான் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். இப்போது ஏப்ரல்.

"சோளம் விக்கிற தோன் செமாவ வெள்ளிக்கிழமை சுட்டுட்டாங்க, கேள்விப்பட்டீங்களா?" என்றான் நிக்கனோர்.

"கால்லதானே? பொழச்சுக்கிட்டார்னு பாதிரியார் சொன்னாரே."

"பொழச்சுக்கிட்டார். ஆனா அவரக் குறி வச்சு வரல தோன்யா. சுவருக்கு முன்னால மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு நின்ன பசங்களக் குறி வச்சு வந்தானுங்க. சாயங்காலம் ஆனா மார்லோ பசங்க அங்க கூடுவாங்கன்னு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக்காரனுங்களுக்கு மனப்பாடம். கார்ல வந்தா போதும், தேடவே வேணாம்."

"அப்ப அழிச்சுற வேண்டியதுதானே. உங்க நகராட்சி வேன் எதுக்கு இருக்கு?"

"போலீச நிறுத்தி வச்சு அழிச்சா, செத்தவன மறுபடி கொன்னுட்டாங்கன்னு நம்ம பசங்க கெளம்பிருவானுங்க. அவனுங்க தலைவன் ரிகோகிட்டப் பேசிப் பாத்தேன். 'அவன் அம்மா சொன்னா குறுக்க வர மாட்டோம், வேற எவனாவது தொட்டா பாத்துக்கறோம்'ங்கறான்."

ரெமெதியோஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிக்கனோருக்குப் பிடிக்கவில்லை.

"வரையறப்ப எவனாவது அம்மாவக் கேட்டானா?"

"இல்ல."

"என் பையனுக்கு நான் வச்ச பேரு உலிசெஸ். அங்க என்ன எழுதியிருக்கானுங்க?"

அவன் தொப்பியின் ஓரத்தைத் திருகினான். "தெகொலோத்தே."

ஆந்தை. மெக்சிகோவில் அவள் பிறந்த மிச்சோவகானில் கூரைமேல் ஆந்தை உட்கார்ந்தால் அந்த வீட்டில் சாவு விழும் என்று துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதைப் போய் ஒரு பிள்ளைக்குப் பெயராக வைத்திருக்கிறார்களே!

"அந்தப் பேருல எவனையும் நான் பெறல. உங்க இஷ்டப்படி செய்ங்க."

"கோவத்துல சொன்னத அனுமதின்னு நான் அங்க போய்ச் சொல்ல முடியாது தோன்யா. செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்கு, வந்து கேளுங்க. அப்புறம் சொல்லுங்க."

போகக்கூடாது என்றுதான் இருந்தாள். செவ்வாய் மாலை என்னவோ கால்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கே போயின. மடக்கு நாற்காலிகள், காபி, சர்க்கரை தூவிய ரொட்டிகள். சுவரில் பகுதியின் வரைபடம். சுடப்பட்டவர்கள் விழுந்த இடங்களில் சிவப்புப் பொட்டுகள். நகராட்சியிலிருந்து வந்த விட்கம் அம்மையார் போன வருடத்தைவிடப் பொட்டுகள் குறைந்திருப்பதைக் காட்டினார். நல்ல மனுஷிதான். பேசும்போது ரெமெதியோஸின் கையைப் பிடித்துக்கொண்டார். சுவரை வெள்ளையடித்த பிறகு பள்ளிப் பிள்ளைகளை வைத்துத் தேன்சிட்டுகள் வரையலாம் என்றார். அன்றைக்குத் தாயும் வந்து கேமரா முன்னால் இரண்டு வார்த்தை சொன்னால் மற்ற தாய்மார்களுக்குத் தைரியம் வரும் என்றார். பின்னால் நின்றிருந்த போலீஸ்காரர் தாளைப் பார்த்து, "நவம்பரில் நடந்தது கும்பல் தொடர்பான மரணம்" என்று வாசித்தார்.

"அவன் எந்தக் கும்பல்லயும் இல்ல" என்றாள் ரெமெதியோஸ்.

போலீஸ்காரர் அடுத்த தாளைப் புரட்டினார். அவள் நிக்கனோரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் என்ன நினைத்தாலும் அவளுக்குக் கவலையில்லை. ஆனால் நிக்கனோர் பொய் சொல்லத் தெரியாதவன்.

கூட்டம் கலைந்ததும் அவனைப் படிக்கட்டில் மடக்கினாள். "நாளைக்குக் காலைல என்னை அங்க கூட்டிட்டுப் போ. பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் நல்ல வெயில். முனை திரும்பியதும் முகம் எதிரே வந்து நின்றது. ஒரு மாடி உயரம். அசிங்கமாக இருக்கும் என்று எண்ணி மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தாள். படம் அப்படியே உலிசெஸாக இருந்தது. இடது புருவத்தில் சின்ன வயதில் கதவு நிலையில் இடித்துக்கொண்ட வெட்டுகூட விடுபடவில்லை. தோளுக்குப் பின்னால் சிறகு விரித்த ஆந்தை. கீழே அந்தப் பெயரும் மார்லோ கும்பலின் அடையாள எழுத்துகளும் ஆள் உயரத்துக்கு, கறுப்பாக, கோணலும் கூர்மையுமாக. நெஞ்சுப் பக்கம் பூச்சு பெயர்ந்து மூன்று நான்கு குழிகள் தெரிந்தன.

"இதெல்லாம் வெள்ளிக்கிழமை விழுந்ததா?"

"ஆமா."

அவள் ஒரு குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். படமாகிய பிறகும் அவன்மேல் குண்டு பாய்ந்திருக்கிறது.

சுவரடியில் ஒரு பெண் குனிந்து உருகிப்போன மெழுகைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையின் நீல உடுப்பு. ரெமெதியோஸைப் பார்த்ததும் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நொயெமி" என்றான் நிக்கனோர். "படம் வரஞ்சது இவதான்."

"நீயா?" ரெமெதியோஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பேரும் நீதான் வச்சியா?"

"இல்லீங்க. பசங்க வச்சது. பள்ளிக்கூடத்துல கிண்டலா."

"கிண்டல் பண்ண வேற எதுவும் கெடைக்கலயா? சாவுப் பறவைதான் கெடச்சுதா?"

"சாவுக்காக இல்லீங்க." பெண் நிக்கனோரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "அவன் வகுப்புல தூங்கித் தூங்கி விழுவான். ராத்திரி முழுக்க என்னடா பண்றேன்னு கேட்டா, முழிச்சிருக்கேன்பான். நீங்க ஓட்டல் சலவை வேலைக்குப் போய் நடுராத்திரிதானே வருவீங்க? சாவி போடற சத்தம் கேக்கற வரைக்கும் படுக்க மாட்டானாம்."

"இல்லயே. நான் வர்றப்பல்லாம் அசந்து தூங்கிட்டுல்ல இருப்பான்."

"கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருப்பானாம். நீங்க நெத்தியத் தொட்டுட்டுப் போற வரைக்கும். முழிச்சிருந்தது தெரிஞ்சா நீங்க வேலைய விட்டுருவீங்கன்னு பயம் அவனுக்கு."

நிக்கனோர் சலவைக் கடைக்குள் போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். ரெமெதியோஸ் உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள். அத்தனை வருடமும் போர்வையை இழுத்துவிட்டு, தன் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்தபடி தன் அறைக்குப் போயிருக்கிறாள். சுவரில் அவன் கண்களை அகலத் திறந்து வைத்திருந்தாள் இந்தப் பெண்.

ரெமெதியோஸ் நிக்கனோரிடம் திரும்பிக் கேட்டாள். "அந்தக் கறுப்பு எழுத்த மட்டும் அழிச்சா போதாதா? முகம் இருந்துட்டுப் போகட்டுமே."

நிக்கனோர் இல்லையென்று தலையசைத்தான். "எழுத்து போனா ரிகோ மறுநாளே திரும்ப எழுதுவான். எழுதலேன்னாலும் முகம் இருக்கற வரைக்கும் மெழுகுவத்தி வரும். மெழுகுவத்தி வந்தா பசங்க வருவாங்க. பசங்க வந்தா கார் வரும்."

"இங்க காவல் போடச் சொல்லுங்க!" கத்தினாள் நொயெமி. "போலீஸ் எதுக்கு இருக்கு? அவங்க சுடறதுக்கு அவன் என்ன பண்ணுவான்? தோன்யா, இவர் பேச்சக் கேக்காதீங்க. வேற எங்கயுமே அவன் இல்ல."

"என்கிட்ட இருக்கான்" என்றாள் ரெமெதியோஸ்.

"என்கிட்ட இல்லயே."

அந்த நேரம் ஒரு தாய் தள்ளுவண்டியில் குழந்தையோடு துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுவர்ப் பக்கம் வராமல் சாலையைக் கடந்து சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கடைக்குள் போனாள். ரெமெதியோஸ் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை தோன் செமா நின்ற இடத்தில் அவள் நின்றிருக்கலாம். நொயெமியின் தோளைத் தொடப் போனாள், அவள் விலகிக்கொண்டாள்.

"சனிக்கிழமை வெள்ளையடிச்சுரலாம்" என்றாள் நிக்கனோரிடம். "ஆனா நான்தான் அடிப்பேன். நகராட்சி ஆளுங்க தள்ளி நிக்கட்டும். போலீசும் வேணாம், கேமராவும் வேணாம்."

"விட்கம் அம்மா வருத்தப்படுவாங்க."

"படட்டும். காபி போட்டுக் குடுக்கறேன்."

சனிக்கிழமை காலை பழுப்பு வெள்ளை பெயிண்ட் டப்பாக்களும் நீளக் கழி மாட்டிய உருளைகளும் வந்தன. தேவாலயத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். விட்கம் அம்மையார் கேமரா இல்லாமல், பழைய சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நொயெமி வரவில்லை. வர மாட்டேன் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தாள்.

ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரெமெதியோஸ் மேலே ஏறினாள். நெற்றியில் தொடங்கினாள். அங்கே உருளையை வைக்கும்போது கை தானாகவே மெதுவாகியது. கண்களுக்கு வந்ததும் ஓய்வெடுத்தாள். கீழிருந்து நிக்கனோர், "நான் வேணும்னா..." என்றான். "சும்மா இரு" என்று சொல்லிவிட்டு இரண்டு கண்களையும் ஒரே இழுப்பில் மூடினாள்.

முதல் பூச்சு காய்ந்ததும் முகம் மறுபடி எழும்பி வந்தது. கறுப்பு அடியிலிருந்து கசிந்து, பனிக்குள் நிற்கிறவன் மாதிரி உலிசெஸ் தெரிந்தான். இன்னொரு முறை அடிக்க வேண்டும், அதற்குக் காய வேண்டும். அவள் காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் ரிகோ வந்தான். எதிர்ச்சாரியில் அவன் ஆட்கள் நான்கு பேர் காரில் சாய்ந்து நின்றார்கள். தேவாலயத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"சந்தோஷமா தோன்யா?" என்றான் ரிகோ.

"உன் கண்ணுக்கு நான் சந்தோஷமாவா தெரியறேன்?"

"அவன் எங்க ஆளு. எங்களுக்காகச் செத்தான்."

"உங்களால செத்தான். உன் பக்கத்துல நின்னதால செத்தான். உன்னக் குறி வச்சதுதானேடா அது?"

ரிகோவின் தாடை இறுகியது. நிக்கனோர் ஓரடி முன்னால் வந்தான். ரெமெதியோஸ் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"உன்னத் திட்ட வரல நான். அவன் உங்க ஆளாவும் இருந்தான். கூட்டத்துல இல்லேன்னு சொன்னேன், அது எனக்கே பொய்யாப் பட்டுச்சு. ஆனா இந்த முனைல இனி எந்தத் தாயும் இப்படி டப்பா மேல உக்காரக் கூடாது. அழிக்கலாம்னு வாக்குக் குடுத்தியா இல்லயா?"

"குடுத்தேன்."

"அப்ப ஓரமா நில்லு. ரெண்டாவது பூச்சு அடிக்கணும்."

அவன் சுவரைப் பார்த்தான், காறித் துப்பினான், சாலையைக் கடந்து போனான். ஆனால் போய்விடவில்லை. சுவர் முழுவதும் வெறுமையாகும் வரை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரமே அதே இடத்தில் சின்னதாக அவர்கள் எழுத்து வந்தது. ரெமெதியோஸ் வேலைக்குப் போகும் வழியில் டப்பாவோடு இறங்கி அழித்தாள். மறுபடி வந்தது, மறுபடி அழித்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஒருநாள் சலவைக் கடைக்காரரே அழித்து வைத்திருந்தார். கோடைக்குள் அந்த முனையில் எழுதுவது நின்றுபோனது. எழுத்து நான்கு தெரு தள்ளி வேறு சுவருக்குப் போனது. நிக்கனோரும் பின்னாலேயே போனான். ஜூலையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒருவன் செத்தான். மார்லோ முனையில் யாரும் சாகவில்லை. சுவரால்தான் என்று விட்கம் அம்மையார் கூட்டத்தில் சொன்னபோது நிக்கனோர், "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னான். தேன்சிட்டுகள் வரையும் யோசனைக்கு ரெமெதியோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சுவர் சும்மா கிடக்கட்டும் என்றாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு நொயெமி வந்தாள். கோபம் இன்னும் தணியவில்லை என்பது கதவைத் தட்டிய விதத்திலேயே தெரிந்தது. ரெமெதியோஸ் கிண்ணத்தில் பொஸோலே சோளச் சூப்பை ஊற்றி முன்னால் வைத்தாள். பெண் பாதி சாப்பிட்டதும் பேச ஆரம்பித்தாள். உலிசெஸ் தன்னை எப்படிச் சிரிக்க வைப்பான், எந்தப் பாட்டுக்கு ஆடுவான், கல்யாணம் என்றால் எப்படி நழுவுவான் என்றெல்லாம் சொன்னாள். ரெமெதியோஸுக்கு அதில் பாதி புதிது.

பிறகு நொயெமி நிறுத்தினாள். "இன்னொண்ணும் இருக்கு. நல்ல விஷயம் இல்ல. போன வருஷம் அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன அடிச்சு ஆஸ்பத்திரில சேத்தாங்களே, அதுல அவனும் இருந்தான். வேணாம்னா மேல சொல்லல."

ரெமெதியோஸ் எழுந்துபோய் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்தாள். பெண்ணின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு மிஹா" என்றாள், மகளை அழைப்பதுபோல. "எதையும் விடாமச் சொல்லு."