வில்லோவுக்குள் மணிச்சத்தம்

என் சின்ன வயதில் சைபீரியாவின் வடகோடியில், எங்கள் யமாலில், வில்லோ புதர் முழங்காலுக்குத்தான் வளரும். சறுக்குவண்டி மேல் ஏறி நின்றால், மூன்று நாள் பயணத் தொலைவில் இருக்கும் கூடாரத்தில் பானை அடுப்பேறியதா என்று பார்த்துக்கொள்வேன். ஏறியிருந்தால் புறப்படுவேன். போய்ச் சேரும்போது கறி பதமாக வெந்திருக்கும்.

இப்போது அந்தச் செடி பனிமானின் கொம்புக்கு மேல் நிற்கிறது. போன கோடையில் அதன்மேல் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பினால் வண்டி தலைக்கு மேலே. சுருக்குக்கயிறு வீசித்தான் இறக்கினேன்.

இந்தக் கோடையில் வண்டி இழுக்கும் மான்கள் நாற்பதும் புதருக்குள் போய்விட்டன. அவை இல்லாமல் கடற்கரைக்கு நகர முடியாது. கடற்காற்று இல்லையென்றால் மந்தையைக் கொசு தின்றுவிடும். அதற்குள் ஏழு கன்றுகள் செத்திருந்தன. இந்த ஏழில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

முன்னத்தி மானின் கழுத்தில் மணி உண்டு. அந்தச் சத்தத்தைத் தேடி நானும் என் மனைவி ஹத்னேயின் தம்பி எதெய்கோவும் இரண்டு நாள் புதருக்குள் அலைந்தோம்.

"கேக்குதா மச்சான்?"

"நீ மூக்க உறிஞ்சாம இருந்தா நல்லாவே கேக்கும்."

"காத்தடிச்சாத்தான் கேக்குது. அது ஏன்?"

"காத்தடிச்சா கொசு ஓடிரும். மான் அப்பத்தான் நடக்கும். இதுகூடத் தெரியாம உனக்கு மீசை எதுக்குடா?"

"நடந்து எதத் திங்கும்? இங்க ஒரு பிடி வெள்ளைப் பாசி இருக்கா?"

"பேசாம வா."

கடைசியில் மணி கிடைத்தது. வார் அறுந்து, என் நெற்றி உயரத்தில் ஒரு வில்லோ கிளையில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே குளம்புத் தடங்களில் தேங்கிய நீரில் கொசுப்புழு நெளிந்தது.

எதெய்கோ அப்படியே உட்கார்ந்துவிட்டான். "இப்ப விடுங்க மச்சான், ஒரு புளுகு."

நான் கிளையிலிருந்து மணியை அவிழ்த்தேன்.

அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினோம். அதன் நாக்கில் துணி சுற்றி ஒலியை அடக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. புதரை விலக்கி வெளியே வந்தபோது கூடாரம் பிரிக்கப்பட்டிருந்தது. கம்பங்களும் தோல்களும் ஏற்றிய வண்டிகள் வரிசையாக வடக்கே பார்த்து நின்றன. ஹத்னே தோள் நிறையச் சேணவார்களோடு எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மணிச்சத்தம் கேட்டதுமே பிரிச்சிட்டேன். நாப்பதும் வருதா?"

எதெய்கோ என் இடுப்பிலிருந்த மணியைக் கையால் பொத்தினான்.