நாலாவது சுற்று

1

இந்தக் கதை ஒரு ஜன்னலில் கிடைத்தது. 1998 ஜூன், ஒரு சனிக்கிழமை காலை. போத்தனூரில் ஒரு சர்ச் அலுவலகத்தில் ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒருவன் கயிற்றில் முடிச்சுப் போட்டான். அவிழ்த்தான். மறுபடி போட்டான். அரை மணி நேரம் இதையே செய்தான். மரம் ஏறவில்லை. பத்தடி தள்ளி இன்னொருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சான்றிதழ் வந்தது. போய்விட்டேன்.

பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது. இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "மாரப்பன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். மரமும் அவனை—"

வேண்டாம். மரம் யாரையும் பார்ப்பதில்லை.

இரண்டாவது: "பதினோரு வருஷமாக ஒரே கயிற்றை நம்பி ஏறிய மாரப்பன்—"

பொய். கயிறு மார்ச் மாதம் வாங்கியது. பதினோரு வருஷம் பழையது கயிறு இல்லை, கூட்டாளி.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

சாக்கை அவிழ்த்துக் கொட்டியதும் மாரப்பனின் கண் குட்டிக் கயிற்றுக்குப் போனது. அதில் நாலு சுற்று இருந்தது. அவன் போடுவது மூன்று.

3

மரம் ஏறாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெரிய கயிறு ஒன்று. நூலில் கல்லைக் கட்டி எறிந்து, அந்த நூலால் இழுத்து இதை உச்சிக் கவட்டையில் போடுவார்கள். ஒரு முனையை அடிமரத்தில் கட்டிவிட்டால் மறுமுனை தொங்கும். தொங்குகிற கயிற்றின் மேல் குட்டிக் கயிறு சுற்றியிருக்கும். அதன் முனைகள் ஏறுகிறவனின் இடுப்புப் பட்டை வளையத்தில் சேரும். மாரப்பனின் பட்டை பழைய மில் பெல்ட்டை வெட்டித் தைத்தது. வளையம் லேத் பட்டறையில் சொல்லி அடித்தது. சுற்றைக் கையால் மேலே தள்ளிக்கொண்டே ஏறுவான். பாரம் விழுந்தால் சுற்று பெரிய கயிற்றைக் கவ்விப் பிடிக்கும். பாரத்தை எடுத்துத் தள்ளினால் நகரும். உயிர் அந்தச் சுற்றில் இருக்கிறது.

[இந்த முடிச்சுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று தெரியாது. ஒரு பெயரை உண்டாக்கி எழுதினேன். அடித்துவிட்டேன்.]

எத்தனை சுற்று என்பதுதான் கேள்வி. குறைந்தால் பிடிக்காது. கூடினால் இறுகிப்போய் நகராது. நகராவிட்டால் என்ன என்று கேட்கலாம். கிளையில் கதண்டுக் குளவிக் கூடு இருந்து, அறுக்கிற வாள் பட்டு அது கலைந்தால், அந்த நிமிஷமே இறங்கியாக வேண்டும். சுற்று இறுகிக்கொண்டால் தொங்க வேண்டியதுதான். அப்படித் தொங்கிய ஒருவனைச் சத்தியமங்கலம் பக்கம் மாரப்பன் இறக்கியிருக்கிறான். முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியவில்லை. அன்று முதல் அவன் மூன்றுக்கு மேல் சுற்றுவதில்லை.

இன்னொன்று. ஏறுகிறவனின் முடிச்சில் வேறு கை படக்கூடாது. வேலை முடிந்தாலும் சுற்றை அவிழ்க்காமல், பெரிய கயிற்றோடு அப்படியே சாக்குக்குள் போடுவார்கள். அடுத்த மரத்தடியில் அது போட்டபடி இருக்க வேண்டும். எழுதிவைத்த சட்டம் இல்லை. சிக்கந்தர் இதை வேடிக்கையாகச் சொல்வான்: "முடிச்சும் பல்லுக்குச்சியும் அவங்கவங்களுதுங்க."

சிக்கந்தர் கீழே நிற்கிறவன். அறுத்த கிளையை வேறொரு கயிற்றில் மெதுவாக இறக்குவது அவன் வேலை. சாக்கைப் பத்திரமாக வைத்திருப்பதும் அவன்தான்.

4

சாக்கு ஏன் அவன் வீட்டில் இருக்கிறது? மாரப்பனின் வீடு வெள்ளலூரில். அங்கே எலி. எலி கடித்த கயிற்றில் யாரும் ஏற மாட்டார்கள். சிக்கந்தரின் வீட்டுப் பரண் காய்ந்தது, உயரமானது. பதினோரு வருஷம் இது ஒரு விஷயமாகவே இல்லை.

அந்த வருஷம் பிப்ரவரிக்குப் பிறகு விஷயமானது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஊரில் குண்டுகள் வெடித்தன. அதன் பிறகு பஸ்ஸில் யாராவது பையைக் கீழே வைத்தால் பக்கத்திலிருப்பவர் எழுந்து போனார்.

மாரப்பனின் மனைவி மாசாணியம்மாள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கயித்த அங்கதான் வெக்கோணுமா?"

"நம்மூட்டுல எலி இருக்குதல்ல."

"எலி எங்கதான் இல்ல" என்றாள்.

அவன் சாப்பிட்டு எழுந்தான். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் அடுத்த வேலைக்குச் சிக்கந்தர் வந்தபோது மாரப்பனின் வாயில் வேறு சொல் வந்தது. அதுவரை "வா சிக்கந்தரு" என்றவன், "வாங்க பாய்" என்றான். கொங்கு நாட்டில் மரியாதையைக் கூட்டுவது ஆளைத் தள்ளி நிறுத்துவதற்கும் ஒரு வழி. சிக்கந்தருக்கு அது கேட்டது. அவன் எப்போதும்போல் "வந்துட்டனுங்ணா" என்றான்.

இப்போது மரத்தடியில் நாலு சுற்று.

மாரப்பன் கணக்குப் போட்டான். போன வேலை முடிந்து மூன்று சுற்றோடு சாக்கைக் கட்டியது தன் கை. நடுவில் அது இருந்தது ஒரே வீட்டில். குட்டிக் கயிற்றைத் திருப்பிப் பார்த்தான். அறுப்பு இல்லை, தேய்வு இல்லை. ஒரு சுற்றுதான் கூட. அறுத்திருந்தாலாவது கண்ணுக்குத் தெரியும். இறுகிப்போன முடிச்சு என்றால் கீழே இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? ஏறினவன் தப்பாகப் போட்டுவிட்டான் என்பார்கள்.

நிமிர்ந்து பார்த்தான். சிக்கந்தர் உதட்டை நக்கிக்கொண்டான்.

சர்ச் பள்ளிக்கூடத்து டீச்சர் விமலாராணி வந்து மேலே கையைக் காட்டினாள். அந்தக் கிளைதான், நாற்பதடியில், பாலர் வகுப்பின் ஓட்டுக் கூரைமேல் சாய்ந்திருந்தது. பாலக்காட்டுக் காற்று தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வீச்சுக்கும் கிளை ஓட்டில் உரசியது. திங்கட்கிழமை பிள்ளைகள் வருவார்கள்.

ஆகட்டுங்க என்றான் மாரப்பன். கயிற்றைக் கவட்டையில் ஏற்றினான். பட்டையைக் கட்டினான். நாலு சுற்றையும் அவிழ்த்தான்.

ஏன் கேட்கவில்லை? இதை எழுதும்போது அவனை நான் பலமுறை கேட்க வைத்துப் பார்த்தேன். "பாய், கயித்துல கை வெச்சீங்களா?" இந்த வாக்கியத்தில் மரியாதை குறைவில்லை. ஆனால் கேட்டுவிட்டால் அதன் அடியில் இருப்பதும் வெளியே வந்துவிடும். பதினோரு வருஷம் தன் தலைக்கு மேலிருந்து மரத்தை இறக்கியவனிடம் அதைக் கேட்க மாரப்பனால் முடியவில்லை. வையத் தெரிந்தவனாக இருந்தால் பிழைத்திருப்பான்.

[பிழைத்திருப்பான் என்றால் முடிவைச் சொன்னதுபோல் ஆகிறது. முடிவு எனக்குத் தெரியாது. கடைசி வாக்கியத்தை அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.]

5

சிக்கந்தர் செய்தது இது.

புதுக் கயிறு நைலான். பழைய சணல் வடம் மழையில் நைந்துபோனதால் மாரப்பன் டவுன்ஹால் பக்கம் போய்த் தேர்ந்து வாங்கியது. எவ்வளவு பாரம் தாங்கும் என்று கடையில் கேட்டான். லாரியையே கட்டித் தூக்கலாம் என்றார்கள். எவ்வளவு வழுக்கும் என்று கேட்கவில்லை. சணல் சொரசொரப்பானது. அதில் மூன்று சுற்று போதும்.

புதுக் கயிற்றில் இரண்டு மரம்தான் ஏறியிருந்தான். இரண்டும் சின்ன மரம். கிளையில் கால் ஊன்றியே வேலை முடிந்தது. முழுப் பாரம் கயிற்றில் விழவில்லை. இரண்டாவது மரத்தில் அவன் கொஞ்சம் பின்னால் சாய்ந்தபோது, சுற்று இரண்டு விரற்கடை கீழே நழுவியது. மேலே இருந்தவனுக்குத் தெரியவில்லை. கீழே இருந்தவன் பார்த்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் சிக்கந்தர் வீட்டுப் பின்னாலிருந்த வேம்பில் பெரிய கயிற்றைக் கட்டினான். சாக்கிலிருந்த மாரப்பனின் பட்டையைத் தன் இடுப்பில் மாட்டி, ஒரு முழ உயரத்தில் தொங்கிப் பார்த்தான். மூன்று சுற்று முதலில் பிடித்தது. பிறகு ஒரு சாண் நழுவியது. பிறகு நிற்கவில்லை. குதிகால் தரையில் இடித்தது. அவிழ்த்து நாலு சுற்றினான். பிடித்தது. கையால் தள்ளினால் நகரவும் செய்தது. ஐந்து முறை பார்த்தான்.

அப்படியே சாக்கில் போட்டுக் கட்டினான். சனிக்கிழமை காலையில் சொல்லிவிடுவதாக எண்ணம். சைக்கிள் மிதிக்கும்போது வாக்கியத்தை யோசித்துக்கொண்டே வந்தான். "மாரப்பண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க." போன வருஷம் இப்படித் தொடங்கியிருக்கலாம். இந்த வருஷம் இப்படித் தொடங்கினால் கேட்பவர் முதலில் செய்வது அதுவாகத்தான் இருக்கும். வேறு தொடக்கம் தேடினான். கிடைப்பதற்குள் சர்ச் வாசல் வந்துவிட்டது.

"வாங்க பாய்" என்றான் மாரப்பன்.

6

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வரைவில் கீழே நிற்கிறவனின் பெயர் சென்னகிருஷ்ணன். பிப்ரவரியும் இல்லை, சந்தேகத்துக்குப் பழைய வாய்த்தகராறு ஒன்று வைத்திருந்தேன். ஐந்தாம் பகுதி அப்போது எழுதப்படவில்லை. நாலு நண்பர்கள் படித்தார்கள். நாலு பேரும் ஒன்றையே கேட்டார்கள்: மாரப்பன் ஏன் வாயைத் திறந்து கேட்கவில்லை?

பெயரையும் சந்தேகத்துக்கான காரணத்தையும் மாற்றி, வேறு நாலு பேருக்குக் கொடுத்தேன். மூன்று பேர் கேட்டது: அவன் ஏன் கயிற்றைத் தொட்டான்?

நண்பர்களைச் சந்தேகித்தேன். அது வசதியாக இருந்தது. பிறகு இரண்டு வரைவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மாற்ற நினைத்ததைத் தவிர இன்னொரு வாக்கியமும் புதிதாக இருந்தது. "சிக்கந்தர் உதட்டை நக்கிக்கொண்டான்." சென்னகிருஷ்ணன் நக்கிக்கொள்ளவில்லை. அதை எப்போது எழுதினேன் என்று நினைவில்லை.

நாலாம் பகுதியிலிருந்து அதை எடுத்துவிட்டு இந்தப் பகுதியே இல்லாமல் செய்திருக்கலாம். விட்டுவைத்தேன். படிக்கும்போது நீங்கள் அதில் நின்றீர்களா, தாண்டிப் போனீர்களா என்பது உங்களுக்குத் தெரியும்.

7

மாரப்பன் மூன்று சுற்றினான். அவிழ்த்தான். மறுபடி மூன்று. கை பழகிய எண் அது. ஆனால் போட்டு முடித்ததும் ஏனோ பார்க்கத் திருப்தியில்லை. நாலைப் பார்த்த கண்ணுக்கு மூன்று குறைவாகத் தெரிந்தது. அதற்காகவும் அவனுக்குச் சிக்கந்தர்மேல் கோபம் வந்தது.

விமலாராணி மறுபடி வந்தாள். முடியாதென்றால் சொல்லிவிடலாம், வேறு ஆள் பார்க்கலாம், வருத்தமில்லை என்றாள். அவளும் மரியாதையாகத்தான் சொன்னாள். முடியுமுங்க டீச்சர் என்றான். அவள் போனாள்.

வளையத்தை மாட்டினான். கயிற்றைப் பிடித்தான். அப்போது சிக்கந்தர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான்.

"அண்ணா, நாலு சுத்துங்க."

மாரப்பன் திரும்பவில்லை. "கயித்தத் தொட்டீங்களா பாய்?"

"தொட்டனுங்க. வழுக்குதுங்ணா, நைலானு. எங்கூட்டு வேம்புல தொங்கிப் பாத்தேன். மூணு நிக்கறதில்லீங்க."

"ஆராச்சும் பாத்தாங்களா?"

சிக்கந்தர் யோசித்தான். "இல்லீங்க" என்றான். பிறகு, "இப்ப வேணா நான் தொங்கிக் காட்டறனுங்க. பட்டையக் குடுங்க."

இரண்டு நிமிஷ வேலை. ஒரு முழ உயரம். விழுந்தால் குதிகால் வலிக்கும், அவ்வளவுதான். எல்லாம் தெரிந்துவிடும்.

ஆனால் சர்ச் வாசலில் நாலு பேர் பார்க்க, அந்த ஆளைத் தொங்கவிட்டுச் சோதிப்பதா? அதைச் செய்துவிட்டு மறுபடி அவனோடு வேலைக்கு எப்படிப் போவது? மாரப்பன் சிரித்தான். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சிரிப்பு.

"அட, எதுக்குங்க பாய். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க."

சொல்லிவிட்டுச் சுற்றை அவிழ்த்தான். முதலிலிருந்து சுற்றத் தொடங்கினான். சிக்கந்தருக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. கை தெரியவில்லை.

8

முடிவு ஒன்று: மூன்று சுற்றோடு ஏறினான். முப்பதடிவரை கிளையில் கால் இருந்தது. பிறகு முழுப் பாரத்தையும் கயிற்றுக்குக் கொடுத்து வாளை—

முடிவு இரண்டு: நாலு சுற்றோடு ஏறினான். கிளையின் அடிப்பக்கம், கீழே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பழுப்பாக, பானை அளவில்—

முடிவு மூன்று: இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். இதை முழுதாக எழுதினேன். நன்றாகவும் வந்திருந்தது. எனக்கே சந்தேகம் வந்ததால் எடுத்துவிட்டேன்.

வைத்திருக்கும் முடிவு எதுவும் இல்லை. மூன்றாவது சுற்று முடிந்திருக்கிறது. குட்டிக் கயிற்றின் முனை மாரப்பனின் விரலிடுக்கில் இருக்கிறது. அடுத்ததை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

சுலபம் என்று தோன்றும். நீங்கள் ஐந்தாம் பகுதியைப் படித்தவர். மாரப்பன் படிக்கவில்லை. அவனிடம் இருப்பது, யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக ஒருவன் சொல்கிற சொல் மட்டும். உங்களிடம் மட்டும் அதைவிட என்ன இருக்கிறது? வேம்பில் கயிறு கட்டியதை நானும் பார்க்கவில்லை. நான் அலுவலக ஜன்னலில் இருந்தேன், அதுவும் சனிக்கிழமை. வியாழக்கிழமையை நான்தான் எழுதினேன். உதட்டு வாக்கியத்தை எழுதிய அதே கையால்.

அதனால் ஐந்தாம் பகுதி இருக்கும் தாளைக் கிழித்துவிடுங்கள். கிழித்தாயிற்றா? காற்று அடிக்கிறது. சிக்கந்தர் உங்களுக்குப் பின்னால் நிற்கிறான். நாற்பதடி.

எத்தனை சுற்று?